எந்த ஆறுமுகம்? – அட்ரஸ் புக்கை மெர்ஜ் பண்ணும் மகாஜனங்களுக்கு

ரொம்ப நாளாக உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்த விஷயம். இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். புது லேப்டாப் வாங்கிய கையோடு பழைய கம்ப்யூட்டரில் இருந்த மெயில் முகவரிகளை எல்லாம் அதற்கு மாற்றி, நாலு போல்டரை ஒரே போல்டர் ஆக்கி, "டூப்ளிகேட் எல்லாம் எடுத்தாச்சு, இப்ப நீட்டா இருக்கு" என்று பெருமையடிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். மெர்ஜ் பண்றதுக்கு முன்னாடி எத்தனை பேர் இருந்தாங்க, பண்ணினதுக்கு அப்புறம் எத்தனை பேர், குறைஞ்சவங்க யார் யாரு? இதுவரைக்கும் ஒருத்தர்கூட பதில் சொன்னதில்லை. தலையைச் சொறிவதோடு சரி.

நான் வங்கியில் குப்பை கொட்டுகிறவன். படித்தது பி.காம். ஒரே பெயர் என்பதற்காக இரண்டு வாடிக்கையாளர் கணக்கை ஒன்றாக்கினால் மறுநாள் காலையில் மெமோ வரும், சாயங்காலம் வேலை இருக்குமா என்பது சந்தேகம். அதே காரியத்தை அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ செய்தால் அதற்குப் பெயர் "கிளீன் பண்றது". இது என்ன நியாயம்? பெயரைப் பார்த்து ஆளை முடிவு செய்யும் எந்த மெர்ஜ் வசதியும் நம்ம ஊர்ப் பெயர்களுக்கு லாயக்கில்லை. அதை நம்பி பட்டனை அழுத்தாதீர்கள். என் கட்சி அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வடகரப்பதி, ஒழலப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம்... எல்லாம் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. 1949 வரைக்கும் கொச்சி சமஸ்தானம், 1956-லிருந்து கேரளம். வீட்டில் பேசுவது தமிழ். கலெக்டர் ஆபீஸ் பாலக்காட்டில். கல்யாணத்துக்குத் துணி எடுப்பது கோயமுத்தூரில். இந்த ரெட்டை வாழ்க்கை எங்கள் ஆட்களின் பெயரிலும் உண்டு. கந்தசாமி மகன் ஆறுமுகம் என்று ஒருத்தர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயமுத்தூர் காலேஜ் சர்டிபிகேட்டில் அவர் கே. ஆறுமுகம். இனிஷியல் முன்னால். அவரே கேரளத்து ரேஷன் கார்டில் ஆறுமுகன் கே. இனிஷியல் பின்னால் போய்விட்டது, கடைசியில் இருந்த 'ம்' போய் 'ன்' வந்துவிட்டது, இங்கிலீஷில் எழுதும்போது நடுவில் ஒரு 'ஹெச்' வேறு ஒட்டிக்கொண்டது. ஊரில் யாருக்கும் இதில் குழப்பம் கிடையாது. "கந்தசாமி பையன்" என்றால் முடிந்தது.

இந்த ஒரே ஆளை இரண்டு சர்டிபிகேட்டில் உள்ளபடி மெயில் மென்பொருளிடம் கொடுத்துப் பாருங்கள். அதனிடம் இருப்பது முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி. கே. ஆறுமுகம் வந்தால் 'கே' முதல் பெயர், 'ஆறுமுகம்' குடும்பப் பெயர். ஆறுமுகன் கே வந்தால் 'ஆறுமுகன்' முதல் பெயர், 'கே' குடும்பப் பெயர். இரண்டும் அதற்கு வேறு வேறு ஆள். ஆனால் பக்கத்துத் தெருவில் காளியப்பன் மகன் ஆறுமுகம் ஒருத்தர் இருக்கிறாரே, அவரும் கே. ஆறுமுகம்தான். கந்தசாமி மகனும் காளியப்பன் மகனும் அதற்கு ஒரே ஆள்! சேர்க்க வேண்டியதைப் பிரித்து வைக்கும், பிரித்து வைக்க வேண்டியதைச் சேர்த்துவிடும். இதற்குப் பெயர் புத்திசாலி மென்பொருள்.

"அதுக்குத்தான் ஒரு சர்நேம் வெச்சுக்கங்கன்னு சொல்றோம்" என்று சில அதிமேதாவிகள் கிளம்புவார்கள். ஐயா, இந்தப் பெட்டிக்காக நாம் பட்ட பாடு போதாதா? அமெரிக்க விசாவில் நம்மாட்கள் எத்தனை பேருக்கு முதல் பெயர் 'எஃப்என்யூ'? 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் முழுசாகக் குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள் போய்விட, முன்னால் "தெரியவில்லை" என்று உட்கார்ந்திருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் விட முடியாது என்று சொல்லி எத்தனை பேர் வயிற்றில் புளியைக் கரைத்தது! அப்புறம் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. மலேசியாவில் இன்னாரின் மகன் என்பதைக் குறிக்கும் 'ஏ/எல்' பெயருக்கு நடுவிலேயே நிற்கும். அதையும் மென்பொருள் பெயரின் ஒரு துண்டாக நினைத்துப் பெட்டியில் போட்டுக்கொள்ளும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் தரத்தை எழுதியவர்களே இறங்கி வந்துவிட்டார்கள். முகவரிகளைப் பரிமாறிக்கொள்ள விகார்ட் என்று ஒரு பொது வடிவம் இருக்கிறது. 1998-ல் வந்த அதன் 3.0 பதிப்பில் குடும்பப் பெயர், முதல் பெயர் என்று பிரித்து எழுதும் வரி கட்டாயம். 2011-ல் வந்த 4.0-வில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. முழுப்பெயர் ஒன்று இருந்தால் போதும். சட்டம் மாறிவிட்டது, கிளார்க்தான் இன்னும் பழைய பாரத்தையே நீட்டிக்கொண்டிருக்கிறார்.

பி.காம். முதல் வருஷத்தில் பிழைகளைப் பற்றி ஒரு பாடம் வரும். விடு பிழை என்றால் ஒன்றை எழுதாமலே விடுவது. செய் பிழையில் ஒரு வகை, ஒருத்தர் கணக்கில் எழுத வேண்டியதை இன்னொருத்தர் கணக்கில் எழுதுவது. இதில் பயங்கரம் என்னவென்றால், இருப்பாய்வு போட்டுப் பார்த்தால் இந்தப் பிழை தெரியாது. பற்றும் வரவும் கச்சிதமாக நிற்கும். கந்தசாமி மகன் கட்டிய பணம் காளியப்பன் மகன் கணக்கில் ஏறியிருக்கும், மொத்தம் மட்டும் டாண் என்று சரியாக இருக்கும். பாதிக்கப்பட்டவன் வந்து சத்தம் போடுகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அட்ரஸ் புக் மெர்ஜில் நடப்பது அச்சு அசல் இதுதான். பட்டியல் பளிச்சென்று இருக்கும். தொலைந்தவன் தானாக வந்து சத்தம் போடவும் மாட்டான், ஏனென்றால் அவனுக்கே தெரியாது.

மஸ்கட்டில் எனக்குத் தெரிந்த எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தர். மகள் கல்யாணத்துக்கு ஊரில் இருப்பவர்களுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்தார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மெயிலில் அனுப்பிவிட்டுப் போனும் செய்வதாகத் திட்டம். அதற்கு முன்னால்தான் இரண்டு கம்ப்யூட்டர் முகவரிகளையும் ஒன்றாக்கியிருந்தார். இம்போர்ட் செய்யும்போது அவுட்லுக் மூன்று வழி கேட்கும். ஒன்று, வருகிறதை வைத்து இருக்கிறதை மாற்று. இரண்டு, டூப்ளிகேட் இருந்தால் இருக்கட்டும். மூன்று, டூப்ளிகேட் என்றால் கொண்டு வராதே. அவர் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தார். மலேசியாவில் இருக்கும் பங்காளி ஆறுமுகத்தின் மேல் திருப்பூரில் பழைய கம்பெனியில் கேஷியராக இருந்த ஆறுமுகம் ஏறி உட்கார்ந்துவிட்டார். மெயில் ஐடி, போன் நம்பர், குறிப்பு எல்லாம் கேஷியருடையது. பத்திரிகை கேஷியருக்குப் போனது. அந்த மனுஷன் பாவம், இத்தனை வருஷம் கழித்தும் ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று நெகிழ்ந்து, வெள்ளிக் குத்துவிளக்கோடு கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். பங்காளிக்குத் தகவலே இல்லை.

எங்கள் ஊரில் பங்காளிக்குச் சொல்லாமல் கல்யாணம் பண்ணினால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் சொல்லி விடுவதுதான் உறவு. சொல்லி விடவில்லை என்றால் அறுத்துவிட்டதாக அர்த்தம். "சாஃப்ட்வேர் மாத்திருச்சுங்க" என்று அறுபது வயசுக்காரரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். மூன்று வருஷமாக அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. பட்டனை அழுத்த எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நொடி.

அடுத்த வயிற்றெரிச்சல், போல்டர். ஊர், காலேஜ், பழைய ஆபீஸ், சங்கம் என்று தனித்தனி போல்டர் வைத்திருப்பது சோம்பேறித்தனம் இல்லை, சார். அந்தப் போல்டர் பெயர்தான் "கந்தசாமி பையன்" என்பதற்குச் சமம். 'ஊர்' போல்டரில் இருக்கும் முருகன் யார், 'காலேஜ்' போல்டரில் இருக்கும் முருகன் யார் என்று சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். நாலையும் ஒன்றாகக் கொட்டினால் முருகன்கள் மட்டும் மிஞ்சுவார்கள், அவர்கள் யார் என்பது போய்விடும்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் போனில் இருப்பதையும் ஒரே அட்ரஸ் புக்கில் சேர்க்கிற கூத்து இன்னும் விசேஷம். இவர் போனிலும் 'அம்மா', அவர் போனிலும் 'அம்மா'. மெர்ஜ்! மாமியாரும் அம்மாவும் ஒன்று என்று சீரியலில்கூட அத்தனை சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ;-)

தமிழிலேயே பெயர் எழுதி வைத்தவர்கள் கதை தனி. யூனிகோடுக்கு முந்தைய விண்டோஸ் முறையில் தமிழுக்கென்று ஒரு எழுத்துப் பட்டியலே கிடையாது. அவுட்லுக் 2003 வருவதற்கு முந்தைய பிஎஸ்டி கோப்புகள் அந்தப் பழைய முறையில்தான் இருந்தன. சிஎஸ்வியாக எக்ஸ்போர்ட் பண்ணும்போதும் பல பதிப்புகள் அந்த முறைக்கே போயின. விளைவு, ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஒரு கேள்விக்குறி. யூனிகோடில் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி. முருகன் என்பதற்கு ஏழு, செல்வன் என்பதற்கும் ஏழு. எண்ணிப் பாருங்கள். ஆக இரண்டு பேரும் "???????" ஆகிவிடுவார்கள். அப்புறம் என்ன, டூப்ளிகேட்! ஒருத்தரை எடுத்துவிடலாம்! கேள்விக்குறியிலிருந்து பெயரைத் திரும்ப எடுக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

அந்தச் சிஎஸ்வியை எக்செலில் திறந்து "சும்மா ஒரு பார்வை" பார்க்கிறவர்கள் இன்னொரு சூனியத்தையும் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். முன்னால் இருக்கும் சைபரையும் கூட்டல் குறியையும் எக்செல் சாப்பிட்டுவிடும். 91 சேர்த்த இந்திய மொபைல் நம்பர் 12 இலக்கம். அதைச் சுருக்கி, ஒன்பது புள்ளி ஒன்றோ இரண்டோ என்று ஆரம்பித்து அடுக்குக்குறி போட்டுக் காட்டும். அப்படியே சேவ் பண்ணினால் கண்ணுக்குத் தெரிவதுதான் கோப்பில் எழுதப்படும். ஊரில் பாதிப் பேருக்கு ஒரே நம்பர்.

பெயர் வேண்டாம், மெயில் ஐடியை வைத்து ஒப்பிடலாமே என்பீர்கள். எங்கள் ஊரில் அப்பா, அம்மா, தங்கச்சி மூன்று பேருக்கும் மகனின் ஐடியைக் கொடுத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டர்காரர் ஐடியைக் கொடுத்து அப்ளிகேஷன் போட்டவர்களும் உண்டு. போன் நம்பரை வைத்து என்றால், கைவிட்ட நம்பர் 90 நாளைக்குப் பிறகு வேறு யாருக்காவது போய்விடலாம். பெயரும் சரி, ஐடியும் சரி, நம்பரும் சரி, ஆள் யார் என்பதற்குத் துப்பு மட்டுமே. தீர்ப்பு இல்லை.

வங்கிகள் இதை எப்போதோ கற்றுக்கொண்டன. 2012-ல் ரிசர்வ் வங்கி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுக்கச் சொன்னது. 2017 ஏப்ரல் 1-ம் தேதி எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பழக்கமான எஸ்பிடி, எஸ்பிஐயோடு இணைந்தது. ஐஎஃப்எஸ்சி கோடு மாறியது, போர்டு மாறியது. அதற்காக இரண்டு வங்கியிலும் ஒரு கே. ஆறுமுகம் இருக்கிறார் என்று இரண்டு கணக்கையும் யாரும் ஒன்றாக்கிவிட முடியாது. அப்பா பெயர், பிறந்த தேதி, பான் கார்டு எல்லாம் பார்த்து, ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் பாஸ் பண்ணி, அதற்கப்புறம்தான் அசையும்.

விகார்டிலும் அப்படி ஒரு எண்ணுக்கு இடம் இருக்கிறது. யுஐடி என்று பெயர். ஒரு ஆளுக்கு ஒரு அடையாளம், பெயர் மாறினாலும் மாறாதது. ஆனால் நம் மக்கள் எடுப்பது சிஎஸ்வி. அதில் அந்த எண் வராது, போட்டோ வராது, நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த குரூப் பட்டியலும் வராது. பாஸ்புக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு பெயரை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருகிற மாதிரி.

"இந்தக் காலத்துல யாருங்க டெஸ்க்டாப்ல மெயில் பார்க்கறாங்க, எல்லாம் போன்தானே" என்று கேட்பவர்களுக்கு: உங்கள் போனில் இருக்கும் பட்டியல் எங்கிருந்து வந்தது? அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஓடிய எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் லைவ் மெயிலுக்கு 2017 ஜனவரியில். விண்டோஸ் பத்தோடு வந்த மெயில் செயலிக்கு 2024 டிசம்பர் 31-ல். ஒவ்வொரு தடவையும் கடையை மூடுவார்கள், ஒவ்வொரு தடவையும் நாம் மூட்டை கட்டுவோம், ஒவ்வொரு மூட்டையிலும் நாலு பேர் வழியில் விழுவார்கள். 2003-ல் விழுந்த ஆள் இன்றைக்கு உங்கள் போனிலும் இல்லை. கூகுளில் ஒரு நல்ல விஷயம் சொல்ல வேண்டும். முகவரிகளைக் கடந்த 30 நாளில் இருந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுபோகும் வசதி வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் பங்காளியைக் காணோம் என்பது 30 நாளிலா தெரியும்? அடுத்த கல்யாணத்தில்தான் தெரியும்.

திட்டிக்கொண்டே இருந்தால் ஆச்சா, என்னதான் பண்ணுவது? கணக்குப் பிள்ளை புத்தியோடு சொல்கிறேன்.

1. முதலில் எண்ணுங்கள். எந்தப் போல்டரில் எத்தனை பேர் என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். ஆரம்ப இருப்பு தெரியாமல் கணக்கே கிடையாது.

2. அசலைத் தொடாதீர்கள். பிஎஸ்டி கோப்பையோ தண்டர்பேர்டின் புரொபைல் போல்டரையோ அப்படியே பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். அவுட்லுக்கிலிருந்து அவுட்லுக்குக்கு என்றால் பிஎஸ்டியாகவே கொண்டு போங்கள். சிஎஸ்வி வேறு வழியே இல்லாதவர்களுக்கு.

3. டைப் அடிக்கும்போது தானாக வரும் பெயர்கள் எல்லாம் கான்டாக்ட்ஸில் இருப்பதாக நினைக்காதீர்கள். அவுட்லுக் 2007 வரைக்கும் அவை என்கே2 என்ற தனிக் கோப்பில் இருந்தன. அட்ரஸ் புக்கை மட்டும் எடுத்து வந்தால் அவர்கள் பழைய மெஷினோடு காலி.

4. ஒன்றாகக் கொட்டும் முன்னால் ஒவ்வொரு போல்டரிலும் எல்லோரையும் தேர்ந்தெடுத்து, அந்தப் போல்டரின் பெயரையே கேட்டகிரியாகப் போட்டுவிடுங்கள். போல்டர் போனாலும் 'ஊர்' என்ற முத்திரை ஆளோடு வரும்.

5. இம்போர்ட்டில் "டூப்ளிகேட் இருந்தால் இருக்கட்டும்" என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். கூடுதலாக இருப்பதை நாளைக்கு எடுக்கலாம், போனதைக் கொண்டுவர முடியாது.

6. பெயரைப் பிரிக்காதீர்கள். முழுப்பெயரையும் ஒரே பெட்டியில் போடுங்கள். குறிப்பில் அப்பா பெயர், ஊர், என்ன உறவு என்று ஒரு வரி. அதுதான் நம்முடைய சர்நேம்.

7. சந்தேகமானவர்களுக்கு அனாமத்து என்று ஒரு போல்டர். கணக்கில் எங்கே சேர்ப்பது என்று தெரியாததை அனாமத்துக் கணக்கில்தானே வைப்போம், அது மாதிரி. ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்டு, தெரிந்த பிறகு மாற்றுங்கள். நாலு பேரிடம் பேசினால் ஒன்றும் குறைந்துவிடாது.

8. கடைசியில் கூட்டிப் பாருங்கள். ஆரம்ப இருப்பிலிருந்து, நீங்களே ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தவர்களைக் கழித்தால், முடிவிருப்பு வர வேண்டும். ஒரு ஆள் உதைத்தாலும் விடாதீர்கள். நாங்கள் ஒரு ரூபாய் உதைத்தாலே ராத்திரி உட்கார்ந்து தேடுவோம். இது மனுஷக் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா ஆகும். ஆகட்டும். ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர் என்று கையில் மிஞ்சியிருப்பது இந்தப் பட்டியல்தான். ஊரில் இருக்கிறவனுக்குத் தெரு இருக்கிறது, திண்ணை இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. இவன் யார் மகன் என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். நமக்கு அந்தக் குறிப்புப் பெட்டியில் எழுதிய ஒரு வரிதான் இருக்கிறது. அதை அழிக்கிற உரிமையை "நான் பார்த்துக்கறேன்" என்று சொல்கிற ஒரு பட்டனுக்குக் கொடுத்துவிட்டு, வீடு பெருக்கின மாதிரி கையைத் தட்டிக்கொள்ளாதீர்கள். பட்டியல் அசிங்கமாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆறுமுகம் மூன்று தடவை இருந்துவிட்டுப் போகட்டும். இல்லாமல் போகக் கூடாது.

டிஸ்கி: மேலே வரும் ஆறுமுகங்கள், முருகன், செல்வன் எல்லாம் ஆளை மறைக்கவும் உதாரணம் காட்டவும் வைத்த பெயர்கள். நிஜ ஆறுமுகங்கள் கோவித்துக்கொள்ள வேண்டாம். மலேசியப் பங்காளி இதைப் படிக்க நேர்ந்தால், நம்ம ஆள் உங்களை அறுத்துவிடவில்லை என்பதை மட்டும் நம்புங்கள், ஐயா.